மூன்றாம் மாடி மூலை

ஸ்ட்ராண்டோ தீவு
12 பிப்ரவரி 1984

அன்புத் தம்பி ட்ரோல்ஸுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு உட்கார்ந்திருந்தாயே, இப்போதாவது ஒழுங்காகத் தூங்குகிறாயா? உன் வீட்டுக்காரி கார்னாவின் இருமல் நின்றதா? நான் சுகம். இந்தத் தீவில் காற்றுதான் யார் சொன்னாலும் அடங்குவதில்லை.

கார் ஏற்றிவரும் கப்பலுக்குப் புதிய இறங்குதுறை கட்ட வந்திருக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா? நான் மேற்பார்வையாளர். எங்கள் தலைமை இன்ஜினியர் பெயர் விபெகே டொஃப்ட்லுண்ட். குள்ளமான பெண்மணி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். முதல் வெள்ளிக்கிழமை காபி வேளையில் ஒரு பெரிய தட்டோடு கொட்டகைக்குள் வந்தாள். சூடான புருன்ஸ்விகர் கேக், மேலே பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் வழிகிறது. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டோம்.

"பிறந்தநாள் இல்ல. நான் தப்புப் பண்ணிட்டேன். கடலோட ஆழத்தை மறுபடி அளக்காம பழைய வரைபடத்தை நம்பி இரும்புத் தூண் வாங்கிட்டேன். எல்லாம் ஒரு மீட்டர் குட்டை. சாப்பிடுங்க, அப்புறம் என்ன பண்ணலாம்னு சொல்லுங்க."

சொதப்பியவன் பீர் வாங்கிக் கொடுப்பதும் மற்றவர்கள் அவனை வைத்துச் சிரிப்பதும் எல்லா வேலையிடத்திலும் உள்ள வழக்கம்தான். இவள் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறாள். தப்புச் செய்தவர் வெள்ளிக்கிழமை தன் கையால் கேக் சுட்டு வர வேண்டும். வாய்திறந்து சொல்ல வேண்டும். திட்டு கிடையாது. தட்டு காலியாகும்வரை கேலியும் கிடையாது. பிறகு எல்லோரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும்.

எனக்கு நம்பிக்கை இல்லை. இருபது வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன், கேக்கால் எந்தச் சுவரும் நின்று பார்த்ததில்லை. ஆனால் கேக் அருமை.

தூக்கத்தைப் பற்றி மறக்காமல் எழுது.

உன் அக்கா
சிசெல்

எஸ்டர்பெர்க்
26 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கார்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது. ஆகவே அவள் உடல்நிலைக்கு நீதான் பொறுப்பு. என் முழங்கால் பரவாயில்லை.

இங்கே கேக் இல்லை, ஒழுங்கு இருக்கிறது. மருத்துவமனையின் புதுக்கட்டடம் ஐந்து மாடிக்கும் எழுந்துவிட்டது. எங்கள் தலைவர் பிரேபென் உல்ஸ்ட்ரூப்பைப் பற்றி உனக்குத் தெரியும், இரண்டு பள்ளிக்கூடங்களைச் சொன்ன தேதியில் கட்டிக்கொடுத்தவர். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை. வேலை சரியாகப் போனால் பச்சை அட்டை, தாமதமானால் சிவப்பு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடுவோம், ஆளுக்கு ஒரு நிமிடம், நின்றபடியே. இரண்டு முறை சிவப்பு ஒட்டிய குழாய்ப் பிரிவுக்காரர் இப்போது வேறெங்கோ சாக்கடை அளந்துகொண்டிருக்கிறார். அதற்குப்பின் சிவப்பே வரவில்லை. சுவர் மே மாதத்துப் பீச் மரக் காடு மாதிரிப் பச்சையாக இருக்கிறது.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். உல்ஸ்ட்ரூப் இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். அக்டோபர் முதல் தேதி கட்டடம் திறந்துவிட்டால் அவர் நாற்காலி எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பதினோரு வருடமாக உதவியாளனாகவே இருக்கிறேன், அக்கா. கார்னா இப்போதே நாற்காலிக்கு உறை தைக்காத குறை.

காற்றில் பறந்துவிடாதே.

அன்புடன்
ட்ரோல்ஸ்

ஸ்ட்ராண்டோ
20 மார்ச் 1984

அன்புத் தம்பி,

நான் நலம், முதுகு மட்டும் அவ்வப்போது முறுக்குகிறது. கார்னா இனிமேல் என் கடிதங்களைச் சிரிக்காமல் வாசிக்கட்டும்.

நாற்காலிச் செய்தி கேட்டு மனது நிறைந்தது. நீ அதற்குத் தகுதியானவன், இதை நான் நேரில் சொல்ல மாட்டேன், எழுத்தில் வைத்துக்கொள்.

இங்கே கேக் விஷயம் கொஞ்சம் எல்லை மீறிப் போயிற்று. தச்சன் வில்லாஸ் வாரம் தவறாமல் ஒரு தட்டோடு வந்தான். ஆணி வளைந்தது, சுத்தியல் கடலில் விழுந்தது, இப்படி. அவன் வீட்டுக்காரி நன்றாகச் சுடுவாள், அதுதான் சங்கதி. விபெகே சாப்பிட்டு முடித்துவிட்டு, "வில்லாஸ், இது தப்பு இல்ல, பசி. அடுத்த தடவை பெருசா ஒண்ணு பண்ணிட்டு வா" என்றாள். கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது.

ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. கிரேன் ஓட்டுபவன் ஒரு கேக்கோடு வந்து, கான்கிரீட் அனுப்புகிறவர்கள் கலவையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தான். விபெகே அவன் தட்டை மூடி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"அவங்க தப்புக்கு அவங்க சுடட்டும். இது உன் கேக் இல்ல."

அவன் முகம் சிவந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, லாரி வந்த அன்று கலவையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டது தான்தான் என்று மெல்லச் சொன்னான். விபெகே மூடியைத் திறந்து முதல் துண்டை எடுத்துக்கொண்டாள். தம்பி, அவளை எனக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. இளகிய மனசுக்காரி என்று நினைக்காதே, வேலைக்குத் தாமதமாக வந்தால் தோலை உரித்துவிடுவாள்.

நீ இரண்டு விஷயம் எழுதவில்லை. ஒன்று, தூக்கம். இன்னொன்று, உன் கடிதத்தில் ஒரு வேலைகூடக் கெட்டுப்போகவில்லை. ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒன்றுமே கெடவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உன் அக்கா
சிசெல்

எஸ்டர்பெர்க்
15 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்கா,

முதுகுக்குச் சூடான தவிட்டு மூட்டை வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். செரி மரங்கள் பூத்துவிட்டன.

கூரை வேலை முடிந்த விருந்தை நேற்று நடத்தினோம். உச்சியில் இலை வளையம், கொடி, தொழிலாளர்களுக்குச் சிவப்பு சாசேஜும் வேண்டிய மட்டும் பீரும். உல்ஸ்ட்ரூப் பேசினார். நன்றாகவே பேசினார்.

கெட்டுப்போன கதை வேண்டும் என்றாயே, ஒன்று தருகிறேன், சிரித்துவிட்டு மறந்துவிடு. படுக்கை தள்ளுகிற ஏகோன் இரண்டு பீர் உள்ளே போன உற்சாகத்தில் பழைய கட்டடத்திலிருந்து ஒரு படுக்கையைக் கொண்டுவந்து மூன்றாம் மாடியில் ஓட்டிப் பார்த்தான். லிஃப்டிலிருந்து அறுவைச் சிகிச்சை அறைக்குப் போகிற வழியில் ஒரு மூலை இருக்கிறது. படுக்கை அங்கே சிக்கிக்கொண்டது. சலைன் கம்பியைக் கழற்றி, தலைமாட்டைத் தூக்கி, நான்கு பேர் சேர்ந்து தள்ளினால்தான் திரும்புகிறது. "குட்டையான நோயாளியா பார்த்து அனுப்பச் சொல்லலாம்" என்றார் உல்ஸ்ட்ரூப். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மூன்றாம் மாடி பச்சைதான்.

அன்புடன்
ட்ரோல்ஸ்

ஸ்ட்ராண்டோ
29 ஏப்ரல் 1984

அன்புத் தம்பி,

தவிட்டு மூட்டை வேலை செய்கிறது, நன்றி.

உன் கதைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு வெடித்த ஒருவரை அவசரமாகத் தள்ளிக்கொண்டு வருகிறபோது அந்த மூலையில் நான்கு பேருக்கு எங்கே போவார்கள்? நீயும் சிரித்தாயா?

கோபித்துக்கொள்ளாதே. நான் உபதேசம் செய்கிற நிலையில் இல்லை. இந்த மாதம் கேக் சுட்டது நான்.

பழைய துறைமுகக் கல்லில் உயரம் குறிக்க ஒரு கோடு செதுக்கியிருப்பார்கள். நான் அதிலிருந்து அளந்து புதுத்துறையின் மேல்மட்டத்தைக் குறித்துக் கொடுத்தேன். அந்தக் கல் வருடக்கணக்காக மண்ணில் அமிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. தெரிந்தபோது மேற்குப் பாதியில் கான்கிரீட் போட்டாகிவிட்டது, ஒரு சாண் தாழ்வு. தண்ணீர் ஏறுகிற நாளில், கார் இறங்குவதற்குக் கப்பல் இறக்குகிற முன்பலகை அதில் உட்காராது. தெரிந்தது புதன்கிழமை. அன்றே சொல்லவில்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள், எப்படியாவது சமாளிக்கலாம் என்று இரண்டு நாள் நெஞ்சுக்குள் போட்டு உருட்டினேன்.

வெள்ளிக்கிழமை தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன். விபெகே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"அப்பப் புதன்கிழமையே சுட்டிருக்கணும். ஆறின கேக்கை யார் தின்பா?"

அவ்வளவுதான். வில்லாஸ் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே, கிழக்குப் பாதிக்கு இன்னும் சாரப் பலகைகூட அடிக்கவில்லையே என்றான். அதை உயர்த்திக் கட்டி, மேற்கில் மேலே ஒரு அடுக்கு ஊற்றினால் போதும் என்று காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. மூன்று வாரம் தாமதம். விபெகே அன்று மதியமே நகராட்சிக்குத் தொலைபேசியில் தாமதத்தைச் சொன்னாள், என் பெயரைச் சொல்லாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போய்க் காற்றின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தூங்குகிறாயா?

அக்கா சிசெல்

எஸ்டர்பெர்க்
10 ஜூன் 1984

அன்புள்ள அக்கா,

பதில் தாமதம். வேலை. இங்கே மழையே இல்லை, புல் எல்லாம் காய்ந்துவிட்டது. கார்னா நலம்.

நீ இருப்பது பதினைந்து பேர் வேலை செய்கிற இறங்குதுறை. இங்கே நானூறு பேர். நானூறு பேரும் ஆளுக்கொரு கேக்கோடு வந்தால் மருத்துவமனை அல்ல, பேக்கரிதான் திறக்க வேண்டியிருக்கும்.

அந்த மூலையைப் பற்றி நீ எழுதியது நியாயமில்லை. துணி வைக்கிற அறை பெரிதாக வேண்டும் என்று சுவரை நகர்த்தச் சொன்னது உல்ஸ்ட்ரூப். அவர் சொன்னார், நடந்தது. இப்போது இடிப்பதென்றால் உள்ளே ஓடும் குழாய், மின்சாரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். திறப்பு விழா தள்ளிப்போகும். மூன்றாம் மாடிக்குச் சிவப்பு ஒட்டுவது என்றால் அவர் நெற்றியில் ஒட்டுவது மாதிரி. தப்பு அவருடையது. அவரே சொல்லாதபோது நான் ஏன் சொல்ல வேண்டும்?

நீ ஒரு சாண் கான்கிரீட்டுக்கு அழுதாய். நான் பதினோரு வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ட்ரோல்ஸ்

ஸ்ட்ராண்டோ
18 ஜூன் 1984

அன்புத் தம்பி,

உன் கோபம் வந்து சேர்ந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, முதல்முறையாக உன் கடிதத்தில் உன் குரல் கேட்டது.

ஊர் பெயரோ ஆள் பெயரோ சொல்லாமல் விபெகேயிடம் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சுவரை நகர்த்தச் சொன்னார், சின்னவர் வாயைத் திறக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று. அவள் மீன் ரொட்டியைக் கடித்தபடி, "நகர்த்துன சுவரை வரைஞ்சது யாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். உன்னிடம் கேட்கவும் இல்லை. அவள் கேட்டதை எழுதுகிறேன், அவ்வளவே.

புருன்ஸ்விகர் செய்முறையைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கார்னாவுக்குப் பிடிக்குமே என்றுதான்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
சிசெல்

ஸ்ட்ராண்டோ
2 ஆகஸ்ட் 1984

அன்புத் தம்பி,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபத்தில் இருந்தால் இரு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நேற்று புதுத்துறையில் முதல் கப்பல் வந்து நின்றது. முன்பலகை இறங்கி மேல்மட்டத்தில் உட்கார்ந்தபோது நான் மூச்சு விட மறந்துவிட்டேன். தட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தியது மாதிரி உட்கார்ந்துகொண்டது. தீவே கொடியோடு வந்து நின்றது. மூன்று வாரம் தாமதம் என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டதால் கோடைக்காலப் பயண நேரத்தை அப்போதே மாற்றி வைத்திருந்தார்கள். நகராட்சித் தலைவர் விபெகேயைப் பேச அழைத்தார். அவள் வில்லாஸை முன்னால் தள்ளிவிட்டு, கூட்டத்தில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

இவளுக்கு அப்படி என்ன சாமர்த்தியம் என்று யோசித்துப் பார்த்தேன். எங்களைவிட அவளுக்கு ஒன்றும் அதிகம் தெரிந்துவிடவில்லை. கெட்ட செய்தி அவளிடம் போய்ச் சேர்வதற்குப் பயப்படவில்லை, அதுதான். இருபது வருடத்தில் நான் பார்த்த தலைவர்களில் இவளுக்கு மட்டும்தான் எல்லாம் முதலில் தெரிந்தது.

கார்னா எழுதியிருந்தாள். நீ இருட்டில் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாயாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

(அஞ்சலட்டை)
20 ஆகஸ்ட் 1984

அக்கா,

நலம். வேலை அதிகம். செய்முறையில் ஈஸ்ட் ஐம்பது கிராம் என்று எழுதியிருக்கிறாய். புது ஈஸ்டா, உலர்ந்ததா?

ட்ரோல்ஸ்

ஸ்ட்ராண்டோ
22 ஆகஸ்ட் 1984

என் அருமைத் தம்பி,

புது ஈஸ்ட். பாலை வெதுவெதுப்பாக்கு, சுடவைத்தால் ஈஸ்ட் செத்துவிடும். மாவு உப்பும்வரை பொறு. தட்டில் பரப்பிய பின் விரலால் நிறையக் குழி போடு, இல்லாவிட்டால் சர்க்கரை எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். சர்க்கரையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சிசெல்

எஸ்டர்பெர்க்
5 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அந்தச் சுவரை வரைந்தது நான். உல்ஸ்ட்ரூப் அறையைப் பெரிதாக்கச் சொன்னது உண்மை. படுக்கை திரும்புமா என்று ஒரு தாளில் அளந்து பார்க்காமல் கோடு போட்டது நான். பிப்ரவரியில் உனக்கு எழுதும்போதே தெரியும். அப்போது அது வெறும் செங்கல், இரண்டு நாள் வேலை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பச்சை அட்டையை என் கையாலேயே ஒட்டினேன். விருந்தில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்ததும் நான்தான்.

போன வாரம் திங்கட்கிழமை தட்டோடு கூட்டத்துக்குப் போனேன். உல்ஸ்ட்ரூப் முகம் மலர்ந்து, "யாருக்குய்யா பிறந்தநாள்? கொடி எங்கே?" என்று கேட்டார். ஒருவர் நிஜமாகவே, பிறந்தநாளுக்கு வைக்கிற மேசைக்கொடியைத் தேட அலமாரியைத் திறந்துவிட்டார்.

"பிறந்தநாள் இல்லைங்க. மூணாம் மாடி மூலைல படுக்கை திரும்பாது. அந்தச் சுவரை வரைஞ்சது நான். மாசக்கணக்காத் தெரியும், சொல்லல. இடிச்சுத்தான் ஆகணும்."

ஒருவரும் கேக்கைத் தொடவில்லை. உன் கொட்டகை மாதிரி இல்லை, அக்கா. உல்ஸ்ட்ரூப் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய்விட்டார். பதினோரு வருடம் அந்தக் கதவு வழியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நானே ஒரு துண்டை வெட்டிக்கொண்டேன். அப்போது காற்றுக் குழாய்ப் பிரிவின் குன்னர் வந்து ஒரு துண்டை எடுத்தார். வாயில் சர்க்கரையோடு, "நாளைக்கு நானும் ஒண்ணு கொண்டு வரணும்" என்றார். ஐந்தாம் மாடிக்குக் காற்றே போகவில்லையாம். அடுத்த நாள் குன்னர், புதன்கிழமை மின்சாரக்காரர். சுவரில் இருந்த பச்சை பாதியாகக் குறைந்துவிட்டது.

வியாழக்கிழமை உல்ஸ்ட்ரூப் வந்தார். கையில் பேக்கரி அட்டைப்பெட்டி.

"சுவரை நகர்த்தச் சொன்னது நான். சிவப்பு ஒட்டுனவனை விரட்டுனதும் நான். எனக்குச் சுடத் தெரியாது. கடையில வாங்குனா ஒத்துக்குவீங்களா?"

விபெகேயின் சட்டம் என்னவோ எனக்குத் தெரியாது. நாங்கள் ஒத்துக்கொண்டோம். அவரைக் குறைசொல்லியே உனக்கு எழுதினேன். அறுபத்தாறு வயதில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

திறப்பு விழா ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. நாற்காலி எனக்கு இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். கார்னா ஒரு நாள் பேசவில்லை. மறுநாள், கேக் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

அன்புடன்
ட்ரோல்ஸ்

எஸ்டர்பெர்க்
14 டிசம்பர் 1984

அன்புள்ள அக்கா,

உன் முதுகு தேவலையா? கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பாக வா, முடிந்தால் விபெகேயையும் அழைத்து வா. அவளுக்கு என் கையால் ஒரு தட்டு சுட்டுக் கொடுக்க வேண்டும், தப்பு எதுவும் செய்யாமலே.

மூலையை இடித்து வழியை அகலப்படுத்தி, பூச்சும் காய்ந்துவிட்டது. நேற்று ஓட்டிப் பார்த்தோம். நோயாளியாக யார் படுப்பது என்று பேச்சு வந்தபோது ஏகோன் என்னைக் கைகாட்டினான். "வரைஞ்சவனே படுக்கட்டும். முட்டுனா அவன் தலைதான் முட்டணும்." நியாயம்தானே. காலணியைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். போர்த்தி, சலைன் கம்பியை மாட்டி, லிஃப்டில் ஏற்றினார்கள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போனது நினைவிருக்கிறது. மூலை வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

மூலையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஏகோன் ஒற்றை ஆளாகத் திருப்பினானாம், சுவரில் ஒரு கீறல்கூட இல்லையாம். குன்னர் கைதட்ட ஆரம்பித்தபோது, ஏகோன் வாயில் விரலை வைத்து அடக்கிவிட்டு விளக்கை அணைத்தானாம்.

பிப்ரவரியிலிருந்து நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, அந்தக் கேள்விக்கு இதுதான் பதில். மதியச் சாப்பாட்டுக்குத்தான் என்னை எழுப்பினார்கள்.

உன் தம்பி
ட்ரோல்ஸ்